வாசகர் கேள்வி: எஷ்கரெட் பூங்காவில் மூன்று தலைமுறையும் ஒரு பகலும்

டெக்சாஸில் வசிக்கும் மகன், டிசம்பர் விடுமுறைக்கு எங்களையும் பேரக்குழந்தைகளையும் மெக்சிகோவின் எஷ்கரெட் பூங்காவுக்கு அழைத்துச் செல்லவிருக்கிறான். நிலத்தடி ஆற்றில் நீந்துவதே அங்கு சிறப்பு என்கிறார்கள். முழங்கால் வலியுள்ள எனக்கும் நீச்சல் தெரியாத மனைவிக்கும் அங்கே என்ன இருக்கிறது? பண்பாடு என்று காட்டுவது உண்மையா, வெறும் வேடிக்கையா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் மனைவியும் தயங்காமல் ஆற்றில் இறங்கலாம். பூங்கா அமைந்திருக்கும் யுகத்தான் தீபகற்பம் சுண்ணாம்புப் பாறையால் ஆனது என்பதால், மழைநீர் தரைமேல் ஆறாக ஓடாமல் பாறை இடுக்குகளில் இறங்கி, குகைகளின் வழியே கடலை நோக்கிச் செல்கிறது. அவ்வழிகளில் சிலவற்றைப் பூங்காவுக்காக அகலப்படுத்தியும் இருக்கிறார்கள். மிதவை அங்கி தருவதால் நீச்சல் தெரியாதவரும் மிதந்தபடியே போகலாம். தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும் என்பதையும், வழியில் படிகள் உண்டு என்பதையும் மனத்தில் கொண்டு, நீங்கள் மட்டும் வண்ணத்துப்பூச்சிக் கூடத்தையும் பஞ்சவர்ணக்கிளிகளையும் பார்த்துவிட்டு அவர்களுக்காகக் காத்திருப்பது நல்லது. ஆற்றைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். கூட்டம் சேர்ந்த பிறகு அதில் மிதப்பதில் சுகமில்லை.

இரண்டாவது கேள்விக்கு ஒற்றை வரியில் விடை சொல்ல முடியாது. பூங்கா 1990இல் திறக்கப்பட்டது. ஆனால் அது நிற்கும் இடம், அப்பகுதியின் பழங்குடிகளான மாயர்களின் போலே என்ற பழைய துறைமுகம். இஷ்செல் என்னும் பெண்தெய்வத்தை வழிபட, மாயர்கள் இங்கிருந்து படகேறிக் கோசுமெல் தீவுக்குச் சென்றார்கள். அக்காலத்துச் சிறு கற்கோயில்கள் பூங்காவுக்குள் இன்றும் நிற்கின்றன. பெரும்பாலோர் அவற்றைத் திரும்பிப் பாராமல் ஆற்றுக்கு விரைகிறார்கள் என்பதுதான் வருத்தம். உயரமான கம்பத்தின் உச்சியிலிருந்து நால்வர் கயிற்றில் தலைகீழாகச் சுழன்று இறங்க, ஐந்தாமவர் மேலேயே குழலும் சிறுபறையும் இசைக்கும், பூங்காவில் காட்டப்படும் ‘வோலதோரெஸ்’ சடங்கோ மாயருடையதாக அறியப்பட்டதன்று. வேராக்ரூஸ் மாநிலத்துப் பாப்பன்ட்லாவின் தொத்தோனாக் மக்களால் புகழ்பெற்றது. ஆளுக்கு 13 சுற்று, நால்வருக்கும் சேர்த்து 52. மெக்சிகோவிலும் அதையொட்டிய மத்திய அமெரிக்காவிலும் வாழ்ந்த பழங்குடிகளின் (மெசோ அமெரிக்க) நாள்காட்டியின் ஒரு முழுச்சுழற்சியும் 52 ஆண்டுதான். யுனெஸ்கோ 2009இல் இதனை மானுடத்தின் அருவமான பண்பாட்டு மரபாக ஏற்றது. ஆகவே காட்டப்படுபவை உண்மை மரபுகளே. வெவ்வேறு ஊர்களுக்குரியவற்றை ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து நிறுத்தியிருப்பதுதான் காட்சிக்கான ஏற்பாடு. பேரக்குழந்தைகளிடம் ‘இது மாயர், இது தொத்தோனாக்’ என்று பிரித்துச் சொல்லிவிட்டால் போதும்.

மாலைக்காட்சிக்கு முன்பே சற்று ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள். பெரிய அரங்கில் அமர்ந்தே பார்க்கலாம். இடுப்பால் ரப்பர் பந்தை அடிக்கும் பழைய ஆட்டமும், தீப்பற்றிய பந்தைக் கோலால் அடித்து ஆடும் புரேபெச்சா மக்களின் ஆட்டமும், பல மாநிலங்களின் நடனங்களும் வரும். என்னைக் கேட்டால், முழங்கால் வலியுள்ளவருக்கு அந்த நாளின் சிறந்த பகுதி இதுதான்.

வெயிலுக்குப் பூசும் கிரீம் கொண்டு போகலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

சாதாரண கிரீமைப் பூசிக்கொண்டு ஆற்றில் இறங்க அங்கே அனுமதியில்லை. அதன் வேதிப்பொருள்கள் நீரிலும் கடலோரப் பவளப்பாறையிலும் சேர்வதே காரணம். முழுக்கை நீச்சலுடை அணிந்தால் கிரீமின் தேவையே குறைந்துவிடும்.

சைவ உணவு கிடைக்குமா?
– ஒரு வாசகர், மதுரை

கிடைக்கும்: மக்காச்சோளச் சப்பாத்தி, வெண்ணெய்ப்பழம், பழவகைகள். மசித்த பீன்ஸை மட்டும், எதில் தாளித்தது என்று கேட்ட பிறகு வாங்குங்கள். மெக்சிகோவில் அதனைப் பன்றிக் கொழுப்பில் தாளிக்கும் வழக்கம் உண்டு. ‘சின் மன்தேக்கா’ என்று சொன்னால், கொழுப்புச் சேர்க்காதது வேண்டும் என்று புரிந்துகொள்வார்கள்.