ஸ்டென்ட் வைத்தவருக்கு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 49. கடலூர் தாழங்குடாவில் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். ஐந்து மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்தது. புதுச்சேரியில் ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நெஞ்சுவலி இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார். மாத்திரைக்கு மாதம் 2,000 ரூபாய் ஆகிறது; அவர் தொழிலுக்குப் போகாததால் சமாளிக்க முடியவில்லை. 90 நாள் லேகியம் சாப்பிட்டால் அடைப்பு முழுவதும் கரைந்துவிடும், மாத்திரையே வேண்டாம் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார். 18,000 ரூபாய் கேட்கிறார். மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாமா? எப்போது கடலுக்கு அனுப்பலாம்?

பதில்: ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கக் கூடாது, லேகியத்தை நம்பி நிறுத்தவும் கூடாது. இப்படிக் கேட்டு எழுதுகிறவர்களில் பலர், ஏற்கெனவே அப்படிக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் எழுதுகிறார்கள் என்பது என் அனுபவம். நீங்களும் அப்படிச் செய்திருந்தால் இன்றிலிருந்து நாள்தோறும் கொடுங்கள். விட்டுப்போனதை ஈடுகட்ட இரண்டு மாத்திரையாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். எத்தனை நாள் விட்டுப்போனது என்பதை இந்த வாரமே மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

ஸ்டென்ட் என்பது பேனாவுக்குள் இருக்கும் சுருள்கம்பியைவிட மெல்லிய உலோக வலைக்குழல். அடைபட்ட ரத்தக்குழாயை அது உள்ளிருந்து விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடலில் இறக்கிய பொருள் எதன்மீதும் சில நாளில் பாசி படர்வதை உங்கள் கணவர் நாள்தோறும் பார்த்திருப்பார். ரத்தத்துக்குள் கிடக்கும் உலோகத்தின்மீது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அப்படித்தான் வந்து ஒட்டப் பார்க்கின்றன. அந்தக் கம்பியின்மீது ரத்தக்குழாயின் உட்தோல் முழுவதுமாக வளர்ந்து மூடும்வரை அவற்றை ஒட்டவிடாமல் வைத்திருப்பவை ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் என்ற இரண்டு மாத்திரைகளே. மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவருக்கு இந்த இரண்டையும் பொதுவாக ஓராண்டு கொடுக்கிறோம். அதன் பிறகு மருத்துவர் ஒன்றை நிறுத்தலாம், மற்றொன்று ஆயுள் முழுவதும் தொடரும். உடலில் ஒவ்வொரு நாளும் புதிய தட்டணுக்கள் உண்டாகின்றன. நேற்று விழுங்கிய மாத்திரையை நம்பி இன்று சும்மா இருக்க முடியாததற்கு அதுதான் காரணம். நடுவில் விட்டால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து, அதன் வாய் சில நிமிடங்களில் அடைபட்டுவிடலாம். அப்படி வரும் மாரடைப்பு பெரும்பாலும் முதலில் வந்ததைவிடக் கொடியது. வலி இல்லாமல் நன்றாக இருக்கிறார் என்பது மாத்திரை வேலை செய்வதன் அடையாளம். அதையே மாத்திரை வேண்டாம் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத்தான் மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை அங்கே முடிவு செய்வார்கள். ஈறில் சிறிது கசிவதும், தோலில் சிறு நீலத் தழும்பு தெரிவதும் இந்தக் கணக்கில் சேராது. பல் பிடுங்குவதும் சேராது. என்னிடம் வந்த ஒருவர், கடைவாய்ப் பல்லை எடுப்பதற்காக யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு மாத்திரைகளையும் ஐந்து நாள் நிறுத்தியிருந்தார். பல் சுகமாக வந்துவிட்டது. பல் எடுத்த நான்காம் நாள் இரவில் அவரை வியர்த்து விறைத்த நிலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆஞ்சியோவில் ஸ்டென்ட் முழுவதும் அடைபட்டிருந்தது. சட்டைப்பையில் பல் மருந்துச்சீட்டு மட்டும் இருந்தது, இதய மருந்துச்சீட்டு வீட்டில். ஒரு பல்லை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாம். பஞ்சை வைத்துச் சற்று அதிக நேரம் அழுத்திப் பிடித்தால், வேண்டுமானால் ஒரு தையல் போட்டால், ரத்தம் நின்றுவிடும். குடலிறக்கம் போன்ற, காத்திருக்கக்கூடிய அறுவை சிகிச்சையாக இருந்தால் ஓராண்டு முடியும்வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். தள்ளிப்போட முடியாது என்றால், எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை ஸ்டென்ட் வைத்த பிரிவின் மருத்துவர் சீட்டில் எழுதித் தர வேண்டும். வாய்ச்சொல்லாக யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள், அவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாலும்.

இனி லேகியக்காரர். ரத்தக்குழாய்ச் சுவரில் பல ஆண்டுகளாகப் படிந்து இறுகிய கொழுப்பையும் சுண்ணாம்பையும் 90 நாளில் கரைக்கும் லேகியம் எதுவும் இல்லை. அரசு மருத்துவமனைச் சித்தா பிரிவில் இருக்கும் மருத்துவரிடம் கேளுங்கள். முறையாகப் படித்த எந்தச் சித்த மருத்துவரும் ஸ்டென்ட் வைத்தவரிடம் ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்ல மாட்டார். இவ்வகைப் பொட்டலங்களில் வலி மாத்திரைப் பொடியோ, ஸ்டீராய்டோ, வீரிய மாத்திரையோ கலந்திருப்பதும் உண்டு. கடைசியாகச் சொன்னதை, நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையோடு சேர்த்து எடுத்துவிட்டால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும். கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஓராண்டு முடிய இன்னும் ஏழு மாதம். மாதம் 2,000 வீதம் முழு விலைக்கே வாங்கினாலும் 14,000 ரூபாய். அவர் கேட்பது 18,000.

இவரை விட்டால் வேறொருவர் வருவார். மருத்துவமனைக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்து, “காப்பீட்டு அட்டைக்கு நான் அப்ரூவல் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்” என்பவர். கல்யாண மண்டபத்தில் இலவச இருதய முகாம் என்று அழைத்து ஓர் ஈசிஜி எடுத்துவிட்டு, “இன்னும் இரண்டு அடைப்பு மிச்சம் இருக்கிறது, நாளைக்கே வந்து சேருங்கள்” என்று பயமுறுத்துகிறவர். ஈசிஜியை மட்டும் வைத்து இத்தனை அடைப்பு என்று எண்ணிச் சொல்ல எங்களில் எவராலும் முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒப்புதல் வாங்க இடையில் ஆள் தேவையில்லை; பட்டியலில் உள்ள மருத்துவமனையிலேயே அதற்கென்று மேசை இருக்கும். சந்தேகம் வந்தால் அரசின் 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் பேசிவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

2,000 ரூபாய் எதற்கு ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சீட்டை எடுத்து எண்ணுங்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின், மெட்டோப்ரோலால் போன்ற துடிப்பைக் குறைக்கும் ஒன்று, ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஒன்று: முதுகெலும்பு இந்த ஐந்துதான். வயிற்றுக்கு ஒன்று கூடலாம். அதற்கு மேல் இருக்கும் சத்து மாத்திரைகளையும் டானிக்குகளையும் காட்டி, “இவை கட்டாயமா?” என்று மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். இந்த ஐந்தும் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்க வேண்டியவை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று 1994-இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியதே மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்குக் கொடுப்பதற்காகத்தான். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலுடன் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசு தலைமை மருத்துவமனைக்கோ செல்லுங்கள். கம்பெனிப் பெயரை எழுதாமல் மருந்தின் பெயரை எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் “இது புதுச்சேரிச் சீட்டு, இங்கே அந்த மருந்து இல்லை” என்று அனுப்பிவிடுவார்கள். புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் சாராய விலை மாறுவது புரிகிறது. இதய மாத்திரையின் பெயர் ஏன் மாற வேண்டும் என்று இத்தனை ஆண்டாகியும் எனக்குப் புரியவில்லை. ஸ்டென்ட் வைக்க ஒரே நாளில் ஒப்புதல் வாங்கிவிடத் தெரிந்த இந்த அமைப்புக்கு, அந்த ஸ்டென்டைக் காப்பாற்றும் மாத்திரையை மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கத் தெரிவதில்லை. ஒவ்வொரு முறையும் அரைநாள் கூலியை வரிசையில் விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். அவருக்கு அந்த நோய்களும் இருந்தால் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருப்பு இல்லாத மாதத்தில் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்குங்கள். விலை பெரும்பாலும் பாதிக்கும் கீழே இருக்கும்.

கடலுக்குப் போவதைப் பற்றி. வலை பின்னுவது, ஐஸ் கணக்குப் பார்ப்பது, ஏலத்தில் நிற்பது இவற்றை இப்போதே செய்யலாம். படகில் ஏறுவதற்கு முன் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து, அதில் ஈ.எஃப். என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள்; இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதன் சதவீதம் அது. 50-க்கு மேல் இருந்து, இரண்டு மாடி ஏறினாலும் மூச்சு வாங்காமல், நெஞ்சு இறுகாமல் இருந்தால், மருத்துவரின் சம்மதத்தோடு கரையோரத் தொழிலிலிருந்து தொடங்கலாம். 40-க்குக் கீழே என்றால் வலை இழுக்கும் வேலையை மறந்துவிட வேண்டும். நடுக்கடலுக்கு 108 வராது. ஆகவே தனியாகப் போகக் கூடாது, உடன் வருகிறவருக்கு அவர் இதய நோயாளி என்று தெரிந்திருக்க வேண்டும். சார்பிட்ரேட்டை ஈரம் படாத சிறு டப்பாவில் போட்டு இடுப்பில் வைத்திருக்கட்டும். நெஞ்சு இறுகினால் உட்கார்ந்துகொண்டு ஒன்றை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். நின்றுகொண்டே வைத்தால் தலை சுற்றிக் கடலில் விழுவார். ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிட்டால், மீன்பிடிப்பை விட்டுவிட்டுப் படகைக் கரைக்குத் திருப்பி, வரும்போதே 108-க்குச் சொல்லிவிட வேண்டும். முதுகுவலிக்கென்று டைக்ளோஃபினாக் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. பீடி கூடவே கூடாது. கருவாட்டைக் குறைத்துக்கொள்ளட்டும்.

இரவில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு அடோர்வாஸ்டாடின்தான் அதிகம் விட்டுப்போகிறது, ஏனென்றால் சீட்டில் “இரவு” என்று போட்டிருக்கும். அதை நாளின் எந்த நேரத்திலும் சாப்பிடலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, கரைக்கு வந்து கஞ்சி குடிக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.