கொடைக்கானலில் எடுத்த படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் கணவருக்கு வேலை போய் எட்டு மாதமாகிறது. ஐடி நிறுவனம். இரு வீட்டாருக்கும் இன்னும் சொல்லவில்லை. மாமியார் ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த பத்து நாளும் அவர் காலையில் மடிக்கணினியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சென்ற மாதம் எங்கள் பத்தாவது திருமண நாள். அன்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. காலை ஒன்பது மணிக்கே சித்தி போன் செய்து, "என்னடி, ஸ்டேட்டஸ்ல ஒண்ணையும் காணோம், சண்டையா?" என்றார். மூன்று வருடங்களுக்கு முன் கொடைக்கானலில் எடுத்த படம் ஒன்றைத் தேடியெடுத்து, இப்போதுதான் போய்வந்ததுபோல் நாலு வரி எழுதி, ஸ்டேட்டஸிலும் முகநூலிலும் போட்டேன். அன்றிரவு யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலைச் சமையலறையில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே அண்ணன் இரண்டு லட்சம் கைமாற்றாகக் கேட்டார். "ஊர் சுத்தறீங்க, உங்களுக்கு இது ஒரு விஷயமா?" என்றார். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எல்லோரும் இப்படித்தானா, நான் மட்டும்தானா? அந்தப் படம் முகநூலில் இன்னும் கிடக்கிறது. நீக்கிவிடலாமா?

எம்.
(பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன)

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது சித்தியின் தொலைபேசி அழைப்பில்தான் என் மனம் நின்றது. மகிழ்ச்சியாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளும் ஆசை என்றே இதைப் பொதுவாகப் பேசுகிறார்கள். உங்களுக்கு அன்று அப்படி ஓர் ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. ஒன்றும் போடாமலிருந்தால் அதுவே செய்தியாகிவிடும் என்ற அச்சம்தான் இருந்திருக்கிறது. ஆண்டுதோறும் படம் போட்டுவந்தவர் ஓர் ஆண்டு போடாவிட்டால் உறவினர்கள் அந்த வெற்றிடத்தையும் படித்துவிடுகிறார்கள். முகப்புப் படத்தை எடுத்துவிட்டால் நான்கு பேர் என்ன ஆயிற்று என்று விசாரிக்கிறார்கள். கல்யாணத்துக்கு வராதவரைப் பற்றிப் பந்தியில் பேசிக்கொள்வது நம் வழக்கம். அந்தப் பந்தி இப்போது தினமும் நடக்கிறது.

இதில் எனக்கு விந்தையாகப்படுவது, நம் வீடுகள் நெடுங்காலமாகக் கற்றுத்தந்தது மகிழ்ச்சியை மறைப்பதைத்தான் என்பது. குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் கன்னத்தில் கருப்புப் பொட்டு வைப்பார்கள். புதுவீட்டு வாசலில் திருஷ்டிப் பூசணி தொங்கும். நலம் விசாரித்தவர்களிடம் என் பாட்டி ஒருமுறைகூட நன்றாக இருப்பதாகச் சொன்னதில்லை. "ஏதோ ஓடுது" என்பார். சொல்லும்போது இடுப்பில் சாவிக்கொத்து ஆடிக்கொண்டிருக்கும். அந்த வீடுகளின் பேத்திகள் இன்று படத்தைப் போட்டுவிட்டு, கூடவே நீலக்கண் பொம்மையையும் ஒட்டிவிடுகிறார்கள். காட்டவும் வேண்டும், கண்ணும் படக்கூடாது. கீழே அத்தைமார் "சுத்திப் போடச் சொல்லு" என்று எழுதுகிறார்கள்.

என் பெற்றோரின் திருமணப் படம் ஸ்டூடியோவில் எடுத்தது. இருவரும் சிரிக்கவில்லை. இரவல் கைக்கடிகாரம் தெரியும்படி அம்மா கையை மடியில் வைத்திருக்கிறார். அப்பா ஏதோ பரீட்சைக்கு வந்தவர்போல நாற்காலியின் நுனியில் அமர்ந்திருக்கிறார். அதைப் பார்த்து அவர்களுக்குள் மனத்தாங்கல் என்று யாரும் நினைத்ததில்லை. அன்று அந்த இருவரும் அருகருகே இருந்தார்கள் என்பதற்கு மேல் எதற்கும் அந்தப் படம் சாட்சி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முகநூலில் 'லைக்' பொத்தான் வந்தது 2009 பிப்ரவரியில். சோகத்துக்கும் கோபத்துக்கும் தனித்தனிக் குறிகள் உலகெங்கும் வந்தது 2016 பிப்ரவரியில். இடைப்பட்ட ஏழாண்டுகள் பிறப்புக்கும் இறப்புக்கும் உயர்த்திய கட்டைவிரல் ஒன்றுதான். 2013இல் என் தந்தை மறைந்த செய்தியைப் பகிர்ந்தபோது அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. நண்பர்கள்மேல் எனக்குக் கடும் கோபம் வந்தது. பார்த்துவிட்டேன், வருந்துகிறேன் என்று சொல்ல அவர்கள் கையில் வேறு என்ன இருந்தது என்று பிறகுதான் யோசித்தேன். இப்போது அழும் முகமும் இருக்கிறது, கண்ணீர் அஞ்சலிப் படம் வைக்கும் வழக்கமும் நிலைத்துவிட்டது. ஆக, ஸ்டேட்டஸில் கல்யாணத்துக்கு இடமுண்டு, சாவுக்கும் இடமுண்டு. எட்டு மாதமாக வேலையில்லாமல் இருப்பதற்கு எந்தச் சுவரொட்டியும் கிடையாது.

நான் மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த உளவியலாளர் அலெக்ஸாண்டர் ஜோர்டனும் அவருடைய சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதே கேள்வியைத்தான் வேறு விதமாகக் கேட்டது. கல்லூரி மாணவர்களிடம், உங்களைப் போன்ற மற்ற மாணவர்களுக்கு எந்த அளவு துன்பம் நேர்கிறது என்று கேட்டபோது, அவர்கள் உண்மையைவிடக் குறைவாகவே கணித்தார்கள். மனிதர்கள் சிரிப்பதைப் பிறர் முன்னாலும் அழுவதைத் தனியாகவும் செய்கிறார்கள் என்பதே முதன்மையான காரணம். பிறருடைய துன்பத்தைக் குறைத்து மதிப்பிட்டவர்களிடம் தனிமையுணர்வு கூடுதலாகக் காணப்பட்டது. சமையலறையில் நின்று நீங்கள் பார்த்த பட்டியலில் உள்ளவர்களுக்கும் ஒரு சமையலறை இருக்கும். அது உங்களுக்குத் தெரிய வழியில்லை.

பிறர் சிரிப்பைப் பார்த்தால் நமக்கு வயிறெரியும் என்பது பலரும் சொல்வது. அதை நான் முழுமையாக நம்பவில்லை. 2012 ஜனவரியில் ஃபேஸ்புக் நிறுவனம் 6,89,003 பேருடைய பக்கத்தில் தெரியும் பதிவுகளில் சிலவற்றை ஒரு வாரம் குறைத்துக் காட்டிப் பார்த்தது. அவர்களிடம் முன்கூட்டி அனுமதி கேட்காத அந்தச் சோதனை 2014இல் வெளியானபோது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது, உள்ளாக வேண்டியதுதான். அதில் தெரிந்தது என்னவென்றால், மகிழ்ச்சியான பதிவுகள் குறைத்துக் காட்டப்பட்டவர்கள் தாங்களும் மகிழ்ச்சியான சொற்களைச் சற்றுக் குறைவாக எழுதினார்கள். மிக மிகச் சிறிய வேறுபாடுதான், சொல்லை வைத்து உள்ளத்தை அளந்துவிடவும் முடியாது. ஆயினும் எனக்கு அது பொறாமையைவிட ஒத்துப்போதலையே நினைவூட்டுகிறது. பக்கத்து வீட்டு வாசலில் பெரிய கோலம் கிடக்கும் மார்கழிக் காலையில் நாமும் மாவு டப்பாவைத் தேடுகிறோமே, அதுபோல. நீங்களும் அன்று மாவைத் தேடியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் கோலத்தைப் பார்த்து ஒருவர் கடன் கேட்டு வந்திருக்கிறார். அண்ணனை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கண்ணுக்குத் தெரிந்ததை நம்பினார். தங்கையிடம் கைமாற்றுக் கேட்க வாயெடுத்த அண்ணனுக்கும் ஸ்டேட்டஸில் வைக்க முடியாத ஏதோ ஒன்று இருந்திருக்கலாம். அதை நீங்கள் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை.

துக்கம் விசாரிக்க வருபவர் நம் ஊரில் பெரும்பாலும் ஒன்றும் பேசுவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, திண்ணையிலோ பாயிலோ கால்மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போவார். நானூறு பேர் பார்ப்பதால் அது நடக்காது, ஒருவர் வந்து உட்கார வேண்டும். ஊருக்கே தெரிவியுங்கள் என்றோ, இனி உண்மையை மட்டும் ஸ்டேட்டஸில் வையுங்கள் என்றோ நான் சொல்லவில்லை. சித்திக்கு உங்கள் வீட்டு வரவு செலவு தெரியவேண்டிய அவசியம் எதுவுமில்லை. அண்ணனிடம் மட்டும் சொல்லுங்கள். போனில் வேண்டாம். முதலில் கணவரிடம் கேட்டுவிட்டு, அவர் சம்மதித்தால் அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்வாருங்கள். மூடிய அறைக்குள் பத்து நாள் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தப் பயணம் உங்களைவிட அதிகமாகத் தேவைப்படும்.

படத்தை நீக்க வேண்டாம். வேண்டுமானால் நீங்கள் எழுதிய அந்த நாலு வரியை எடுத்துவிட்டு, எடுத்த ஆண்டைப் போட்டுவிடுங்கள். மூன்று வருடங்களுக்கு முன் கொடைக்கானலில் நீங்கள் இருவரும் சிரித்தது நடந்ததுதானே.