ஸ்பிறிங் காற்றுத் துவக்கும் அதற்கேற்ற ஸ்கோப்பும்: கேள்வி பதில்

ஜேர்மனியில் இருந்த காலத்தில் ஒரு சிற்றூர்க் கழகத்தில் பதினெட்டு ஆண்டுகள் காற்றுத் துவக்குப் பழகினேன். இப்போது கொக்குவிலில் இருக்கிறேன். துவக்கு அங்கே கழகத்து அலுமாரியிலேயே பூட்டிக் கிடக்கிறது. கீழுள்ள கேள்விகளிற் சில இங்கிருந்தும் மற்றவை இங்கிருந்து புலம்பெயர்ந்தவர்களிடமிருந்தும் வந்தவை.

கேள்வி (நல்லூர்): அழுத்திய காற்றைக் கலத்தில் நிரப்பிச் சுடும் பிசிபி துவக்குகள் வந்துவிட்ட பின்பும் ஸ்பிறிங் துவக்கை ஏன் விரும்புகிறார்கள், ஐயா?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சூடாவதைக் கையால் உணர்ந்திருப்பீர்கள். ஸ்பிறிங் துவக்கின் உள்ளே நடப்பதும் அதுவே. ஆனால் அது ஒரு விநாடியின் மிகச் சிறிய பங்கில் நடந்து முடிகிறது. குழலையோ அடியிலுள்ள நெம்பையோ ஒருமுறை மடக்கினால் ஸ்பிறிங் அழுந்திப் பிஸ்ரன் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையை இழுத்ததும் பிஸ்ரன் பாய்ந்து, தனக்கு முன்னாலுள்ள காற்றை நெருக்கி, அந்தக் காற்று ஈயச் சன்னத்தைத் தள்ளுகிறது. கலமும் பம்பும் அழுத்தமானியும் வேண்டியதில்லை. ஒரு தகரப்பேணி நிறையச் சன்னம் இருந்தால் ஒரு பின்னேரம் முழுவதும் போதும். பிசிபி துவக்கு சுடுபவரின் சிறு பிழைகளை மன்னித்துவிடும், ஸ்பிறிங் துவக்கு மன்னிக்காது. எனக்கு அது பிடித்திருப்பதற்குக் காரணமே அதுதான்.

கேள்வி (ஸ்காபரோ): மாமனாரின் மான் வேட்டைத் துவக்கிலிருந்த விலையுயர்ந்த ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) என் காற்றுத் துவக்கில் பூட்டினேன். இரண்டு கிழமையில் குறுக்குக் கம்பி சரிந்துவிட்டது. பெரிய துவக்கின் உதையைத் தாங்கியது இந்தச் சின்ன உதையில் எப்படிப் பழுதாகும்?

உதையின் அளவில் அல்ல, அதன் திசையில்தான் விடயம் இருக்கிறது. வெடிமருந்துத் துவக்கு பின்னோக்கி, தோளை நோக்கி மட்டுமே உதைக்கும். அதற்கென ஆக்கப்பட்ட ஸ்கோப்பின் உட்குழாயும் வில்லைகளும் அந்த ஒரு திசை அதிர்வைத் தாங்கும் வகையிலேயே இறுக்கப்பட்டிருக்கும். ஸ்பிறிங் துவக்கிலோ, பிஸ்ரன் முன்னே பாயும்போது துவக்கு பின்னே போகிறது. பாய்ந்த பிஸ்ரன் நெருங்கிய காற்றில் மோதித் தடைப்படும் கணத்தில் துவக்கு முன்னே இழுபடுகிறது. பின்னும் முன்னுமாக வரும் இந்த இரட்டை அதிர்வு, ஒரு பக்கத்தால் மட்டும் ஆப்பு வைத்த கதவை மறுபக்கத்திலிருந்து தட்டுவதைப் போன்றது. ஆகவே, ஸ்பிறிங் காற்றுத் துவக்குக்கு உகந்தது என்று தயாரிப்பாளரே எழுத்தில் சொல்லும் ஸ்கோப்பை மட்டுமே வாங்க வேண்டும். வெறுமனே ‘காற்றுத் துவக்குக்கு’ என்று எழுதியிருந்தால் போதாது, ஏனெனில் பிசிபியும் காற்றுத் துவக்குதான், அது உதைப்பதே இல்லை எனலாம்.

நானும் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்தே படித்தேன். மலிவாகக் கிடைத்த ஒரு ஸ்கோப்பைப் பூட்டி இருநூறு சூடு போவதற்குள் உள்ளே ஏதோ கலகலத்தது. காதருகே வைத்துக் குலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் கேட்டது.

இன்னொன்று: கனடாவில் விநாடிக்கு 152.4 மீற்றர் வேகத்தையும் 5.7 யூல் சக்தியையும் சேர்த்துத் தாண்டும் காற்றுத் துவக்குக்கு உரிமம் வேண்டும். உங்களுடையது எந்தப் பக்கம் என்பதைப் பெட்டியிற் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (டோர்ட்முண்ட்): 10 மீற்றரில் இலக்கு மங்கலாகத் தெரிகிறது, ஒரே இடத்தைக் குறிவைத்தாலும் துளைகள் சிதறுகின்றன. ஸ்கோப் புதியது.

புதியதாக இருக்கலாம், ஆனால் அது 100 யார் தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டதாக இருக்கும். வேட்டைத் துவக்கு ஸ்கோப்புகளில் அதுவே வழக்கம். இலக்கின் பிம்பமும் குறுக்குக் கம்பியும் ஒரே தளத்தில் விழாவிட்டால், கண் சற்று விலகினாலும் கம்பி இலக்கின் மேல் நகர்ந்ததுபோலத் தோன்றும். இடமாறு தோற்றம் என்று பௌதிகத்தில் படித்தது இதுதான். வீட்டிலேயே சோதிக்கலாம். சன்னம் இல்லாத துவக்கை இரண்டு மணற்பைகளின் மேல் அசையாமல் வைத்து, கையை எடுத்துவிட்டு, ஸ்கோப்பினூடாகப் பார்த்தபடி தலையை மட்டும் மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். கம்பி இலக்கை விட்டு ஊர்ந்து போனால் உங்கள் சிதறலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

முன்வில்லையிலோ பக்கத்திலோ தூரம் திருத்தும் வளையம் உள்ளதும், 10 யார் வரை இறங்குவதுமான ஸ்கோப்பே உங்களுக்கு வேண்டும். அதை வாங்கும்வரை ஒவ்வொரு சூட்டிலும் கன்னத்தைத் தண்டின் (குழலைத் தாங்கும் பிடியின்) ஒரே இடத்தில் பதியுங்கள். பிழை பெருமளவு குறையும்.

கேள்வி (ஹரோ): நெம்பு மடக்கும் எச்டபிள்யூ 97 வாங்கியிருக்கிறேன். கடைக்காரர் 6-24×50 ஸ்கோப்பைப் பரிந்துரைக்கிறார். அது தேவையா, அண்ணா?

தேவையில்லை, தம்பி. 24 மடங்கு பெருப்பித்தால் இலக்கோடு உங்கள் நாடித்துடிப்பும் பெருத்துத் தெரியும். அந்தத் துடிப்பைத் துரத்திக்கொண்டு விசையை அவசரமாக இழுப்பவர்களைக் கழகத்தில் நிறையக் கண்டிருக்கிறேன். உங்கள் துவக்கு ஏற்கெனவே பாரமானது. 50 மில்லிமீற்றர் முன்வில்லை அதன் தலையை மேலும் கனக்கச் செய்யும், ஸ்கோப்பையும் உயர்த்திப் பூட்ட வேண்டிவரும். 3-9×40 அல்லது 4-12×40, தூரம் திருத்தும் வளையத்துடன், போதுமானது. தோட்டத்துக்குள் 20, 25 மீற்றருக்கு அப்பால் சுடாதவருக்கு 2-7×32 கூடப் போதும்.

இங்கிலாந்தில் உரிமமின்றி வைத்திருக்கத்தக்க எல்லை 12 அடி இறாத்தல், அதாவது ஏறத்தாழ 16 யூல். அந்தச் சக்தியில் 4.5 மில்லிமீற்றர்ச் சன்னம் விநாடிக்கு 240 மீற்றர் அளவிலும், பாரமான 5.5 மில்லிமீற்றர்ச் சன்னம் 175 மீற்றர் அளவிலும் போகும். மெதுவாகப் போவது கூடுதலாகத் தாழும், எனவே 5.5 வைத்திருப்பவருக்குக் கம்பியில் புள்ளிகள் கொண்ட மில்-டொட் வகை பயன்படும். சாதாரண விலையில் கிடைக்கும் ஸ்கோப்புகள் பெரும்பாலானவற்றில் பெருப்பத்தை மாற்றினால் அந்தப் புள்ளிகளின் கணக்கும் மாறிவிடும். ஒரு பெருப்பத்தைத் தெரிவுசெய்து அதிலேயே நில்லுங்கள்.

ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுபோக எண்ணினால், அங்கே 2016 டிசம்பர் 31 முதல் தனிச் சான்றிதழ் வேண்டும்.

கேள்வி (ஸ்காபரோ, அதே நண்பர்): ஸ்கோப் ஒவ்வொரு நாளும் சற்றுப் பின்னால் நகர்கிறது. ஆணியை இன்னும் இறுக்கவா?

இறுக்கி இறுக்கிக் குழாயை நசுக்க வேண்டாம். ஸ்கோப்பைத் தாங்கி, துவக்கின் மேற்புறத்திலுள்ள 11 மில்லிமீற்றர்த் தவாளிப்பைக் கவ்வும் மவுண்ட், இரட்டை அதிர்வில் ஊர்வது இயல்பு. இரண்டு வளையமும் ஒரே கட்டையில் அமைந்த மவுண்டை வாங்கி, அதன் அடியிலுள்ள தடை ஊசியைத் துவக்கின் மேற்புறத்துத் துளையில் இறக்கிப் பூட்டுங்கள். தவாளிப்பிலும் மவுண்டின் பிடியிலும் எண்ணெய்ப் பசை சிறிதும் இருக்கக் கூடாது. என்னைக் கேட்டால், ஸ்கோப்பில் சற்று மிச்சம் பிடித்தாவது நல்ல மவுண்ட் வாங்க வேண்டும்.

கேள்வி (டோர்ட்முண்ட்): டயானா 34இல் உயரத் திருகை முடிவுவரை திருகியும் சன்னம் கீழேயே படுகிறது.

குழல் மடக்கும் துவக்குகள் சிலவற்றில் குழலின் வாய் சற்றுக் கீழ்நோக்கியே இருக்கும். டயானாவில் இது பலரும் அறிந்த குணம். திருகை எல்லைவரை ஏற்றினால் உள்ளே உட்குழாயைத் தாங்கும் வில் தளர்ந்து, பிறகு கம்பி தன் பாட்டில் அலையும். பின்புறம் உயர்ந்த சாய்வு மவுண்டே முறையான வழி. அது வரும்வரை, பழைய புகைப்பட நெகட்டிவில் ஒரு துண்டு வெட்டிப் பின்வளையத்துக்குள் ஸ்கோப்பின் அடியில் வைக்கலாம்; இரண்டு துண்டுக்கு மேல் வேண்டாம்.

சீரோ செய்யும்போது, அதாவது குறிவைத்த இடத்திலேயே சன்னம் படும்படி ஸ்கோப்பைத் திருத்தும்போது, பலர் தடுமாறும் கணக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) என்று எழுதிய திருகின் ஒரு கிளிக் 100 மீற்றரில் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். 10 மீற்றரில் 0.7 மட்டுமே. 3 சென்ரிமீற்றர் ஏற்ற நாற்பது கிளிக் அளவில் வேண்டும். நாலு கிளிக் திருகிவிட்டு ‘ஸ்கோப் வேலை செய்யவில்லை’ என்று எழுதாதீர்கள்.

கேள்வி (ஹரோ): மேசையில் இறுக்கப் பிடித்துச் சுட்டால் சிதறுகிறது, நின்று சுட்டால் சேர்ந்து விழுகிறது. தலைகீழாக அல்லவா இருக்கிறது?

ஸ்பிறிங் துவக்குக்கு அது நேரானதுதான். சன்னம் குழலை விட்டு வெளியேறும் முன்பே துவக்கு அசையத் தொடங்கிவிடுகிறது. அந்த அசைவைத் தடுக்க முடியாது, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்கவிடலாம். இறுக்கிப் பிடிக்கும் கையோ ஒவ்வொரு முறையும் வேறு அளவில் இறுக்குகிறது. அமெரிக்க எழுத்தாளர் ரொம் கேலோர்ட் ‘பீரங்கிப் பிடி’ என்று பெயரிட்ட முறையைப் பழகுங்கள்: விரித்த உள்ளங்கையில் தண்டை வைத்து, விரல்களால் பற்றாமல், தோளில் மெல்லச் சாய்த்து, அது விரும்பியபடி பின்போய் முன்வர விடுவது. மேசையின் கடினமான விளிம்பில் மட்டும் தண்டை வைக்காதீர்கள்.

கேள்வி (டோர்ட்முண்ட்): தையல் மெசின் எண்ணெய் விட்ட பின் புகையும் பெரிய சத்தமும் வருகின்றன. சக்தி கூடிவிட்டதா?

கூடினாலும் அது நல்லதல்ல, உள்ளே எண்ணெய் எரிகிறது. பம்பு சூடாவதைச் சொன்னேன் அல்லவா? அந்தச் சூட்டில் எண்ணெய் ஆவி தீப்பற்றுகிறது, டீசல் எஞ்சின் மாதிரியே. தொடர்ந்தால் ஸ்பிறிங்கும் பிஸ்ரன் வாசரும் போய்விடும். தோல் வாசர் கொண்ட பழைய துவக்குக்கு மட்டும் உரிய எண்ணெயில் எப்போதாவது ஒரு துளி. மற்றவற்றில் காற்றறைக்குள் எதுவும் வேண்டாம். சன்னம் இல்லாமல் சுடுவதும் பிஸ்ரனை வெறுஞ்சுவரில் அடிப்பதற்குச் சமம்.

கேள்வி (சாவகச்சேரி): லண்டனிலிருந்து வரும் மருமகன் ஒன்று கொண்டுவரட்டுமா? மாமரத்துக் கிளிகளையும் விரட்டலாம். பின்வளவில் கிடுகு வேலிதான் எல்லை.

எழுத்தில் அனுமதி கையில் இல்லாமல் துவக்கைப் பெட்டியில் வைத்துக் கட்டுநாயக்காவில் இறங்குவதைக் கனவிலும் நினைக்க வேண்டாம். முதலில் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்திலும்) பொலிஸ் நிலையத்திலும் விசாரியுங்கள். கிளியைச் சுடும் பேச்சையே விட்டுவிடுங்கள், வலை போட்டால் போதும். கிடுகு வேலி வெயிலைக்கூட முழுதாகத் தடுக்காது. தகரப் படலையோ சன்னத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அனுமதியோடு சுடுபவருக்கும், தடித்த பலகைக்கு முன் மணல் நிரப்பிய சாக்குகளை அடுக்கி, கண்ணாடி அணிந்து, அயலவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சுடுவதே முறை. துவக்கு என்ற சொல்லே நம் ஊரில் பலருக்கு எதை நினைவூட்டும் என்பது உங்களுக்கும் தெரியும்.

கேள்வி (உரும்பிராய்): மகள் 10 மீற்றர்ப் போட்டிக்குப் பழக ஆசைப்படுகிறாள். எந்த ஸ்கோப் நல்லது?

எதுவுமில்லை. 1984 முதல் ஒலிம்பிக்கில் உள்ள அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது; சிறு துளையினூடாகப் பார்க்கும் குறிகாட்டி மட்டுமே. பத்துப் புள்ளி 0.5 மில்லிமீற்றர்ப் பொட்டு, பேனா முனை வைத்த அளவு. ஒருகாலத்தில் அங்கும் ஸ்பிறிங் துவக்குகள்தான் ஆண்டன. ஃபைன்வெர்க்பவ் 300 என்ற ஸ்பிறிங் துவக்கில் சுடும் பொறி முழுவதும் தண்டின் மேல் வழுக்கிப் பின்போகும், தோளுக்கு உதை தெரியாது. இன்று எல்லோரும் பிசிபி. மகளுக்குக் கழகத்துத் துவக்கும் ஒரு பயிற்றுநரும் கிடைத்தால் போதும், நீங்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை. சுட்டு முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்; சன்னம் ஈயம்.