இலண்டன் நரிகள்: கேள்வி பதில்

(கிழக்கு இலண்டனில் காயமுற்ற வனவிலங்குகளைப் பராமரிக்கும் நிலையமொன்றில் நெடுங்காலமாகத் தன்னார்வலராகப் பணியாற்றும் ஒருவர் பதிலளிக்கிறார்.)

கேள்வி (ஈஸ்ட்ஹாம்): ஐயா, நடுச்சாமத்தில் யாரோ ஒரு பெண் அலறுவது போன்ற சத்தம் நாள்தோறும் கேட்கிறது. பொலிஸுக்கு அறிவிக்கலாமா என்றுகூட யோசித்தோம். அது நரிதானா?

பதில்: சனவரியில் கேட்கும் அலறல் பெரும்பாலும் நரியினுடையதுதான். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை செந்நரிகள் இணைசேரும் காலம். பெண் நரி கருத்தரிக்கக்கூடிய நாட்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றே என்பதால், இரவு முழுவதும் அவை ஒன்றையொன்று அழைக்கின்றன. ஏறத்தாழ 52 நாட்கள் சுமந்தபின் மார்ச், ஏப்ரலில் குட்டிகளை ஈனும். அலறலுக்கு நடுவே சொற்கள் காதில் விழுந்தால் மட்டும் தயங்காமல் பொலிஸாரை அழையுங்கள்.

கேள்வி (ஹரோ): பட்டப்பகலில் எங்கள் பின்வளவில் நரி படுத்துக் கிடக்கிறது. ஊரில் பகலில் வரும் நரிக்கு விசர் பிடித்திருக்கும் என்பார்கள். பிள்ளைகளை வெளியே விடலாமா?

பதில்: இலங்கையிலும் இந்தியாவிலும் அந்த அச்சம் நியாயமானது, விசர்நாய் நோய் அங்கே இன்றும் உள்ளது. பிரித்தானியாவிலோ தரைவாழ் விலங்குகளிடமிருந்து அந்நோய் 1922 இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. சில வௌவால்களிடம் மட்டுமே அதற்கு நெருங்கிய வைரஸ் காணப்படுகிறது. மேலும், நம் ஊர்களில் ஊளையிடும் நரி நாய்க்கு நெருங்கிய உறவு. இங்குள்ள செந்நரி வேறு இனம், பெரும்பாலும் 5 முதல் 7 கிலோ எடையுள்ளது, பூனையைவிடச் சற்றே பெரியது. குளிர்காலத்தில் வெயில் காய்வதற்கும், இளவேனிலில் குட்டிகளுக்கு இரை தேடுவதற்கும் அது பகலில் வெளிவருவது இயல்பே.

நோயுற்ற நரியை உடலைப் பார்த்தே அறியலாம். வால் மயிர் உதிர்ந்து, தோல் தடித்துப் பொருக்குப் பிடித்திருந்தால் அது சொறிநோய். மிக நுண்ணிய உண்ணிகளால் வருவது. 1994 இல் பிரிஸ்டல் நகரில் பரவிய இந்நோய் அந்நகரின் நரிகளில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றை அழித்துவிட்டது. உங்கள் வீட்டு நாய்க்கும் தொற்றக்கூடும் என்பதால், அத்தகைய நரியைக் கண்டால் நீங்களே பிடிக்க முயலாமல் வனவிலங்கு மீட்பு நிலையத்துக்கு அறிவியுங்கள்.

பிள்ளைகளைத் தாராளமாக விளையாட விடலாம்; நரியின் எச்சத்தில் குடற்புழு முட்டைகள் இருக்கக்கூடும் என்பதால் கைகழுவுவது மட்டும் கட்டாயம். 2010 இல் ஹக்னியில் உறங்கிக்கொண்டிருந்த இரட்டைக் குழந்தைகளை வீட்டுக்குள் புகுந்த நரி கடித்தது உண்மைதான். மிக அரிதாக நிகழ்வது அது. ஆயினும் கைக்குழந்தை உறங்கும் வீட்டில் கீழ்த்தளக் கதவைத் திறந்து வைக்காதீர்கள்.

கேள்வி (டூட்டிங்): வாசலில் கழற்றிவைக்கும் செருப்புகளில் ஒற்றைச் செருப்பு மட்டும் காணாமற்போகிறது. நரி எதற்குச் செருப்பைக் கொண்டுபோகிறது?

பதில்: தோலின் மணமும் மனித வியர்வையின் மணமும் இளம் நரிகளுக்குப் பிடித்தமானவை; கடித்து விளையாடக் கொண்டுபோகின்றன. வாசலில் செருப்பு வைக்கும் வழக்கமுள்ள நம்மவர் வீடுகள் இதில் கூடுதலாகவே இழக்கின்றன. அயல் வீட்டுத் தோட்டங்களில் தேடிப்பாருங்கள்.

கேள்வி (இல்ஃபோர்ட்): என் மாமியார் நரி முகத்தில் விழித்தால் நல்லது என்று சொல்லி, மிஞ்சிய சோறும் கோழிக்கறியும் தினமும் வைக்கிறார். தடுக்க வேண்டுமா?

பதில்: விழிக்கட்டும், சோறு வைக்க வேண்டாம். கையிலிருந்து உணவு பெற்றுப் பழகிய நரி அடுத்த வீட்டாரிடமும் அதையே எதிர்பார்த்து அணுகும், அவர்கள் அஞ்சுவார்கள், பழி நரிமீது விழும். மண்புழு, எலி, உதிர்ந்த பழம் ஆகியவற்றை உண்டு அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும். 2011 இல் கட்டி முடிக்கப்படாத ஷார்ட் கோபுரத்தின் 72 ஆவது மாடியில், கட்டடத் தொழிலாளர்கள் விட்டுச்சென்ற உணவைத் தின்று வாழ்ந்த நரியொன்றைப் பிடித்தார்கள் என்றால், அதன் திறமையைப் பற்றி மாமியார் கவலைப்படத் தேவையில்லை.

கேள்வி (வெம்பிளி): கொட்டகைக்கு அடியில் நரி குட்டி ஈன்றிருக்கிறது. மாநகரசபையிடம் சொல்லிப் பிடித்து, காட்டில் விடச் செய்யலாமா?

பதில்: நரியை அகற்றும் சட்டக் கடமை மாநகரசபைக்கு இல்லை. அறியாத இடத்தில் விடப்பட்ட நரி, அங்குள்ள நரிகளால் துரத்தப்பட்டுப் பட்டினியால் இறக்கக்கூடும். இங்கே காலியான இடத்துக்கோ வேறொரு நரி வந்துவிடும். நஞ்சு வைப்பது சட்டப்படி குற்றம். குட்டிகள் வளர்ந்து தாமே வெளியேறும் வரை பொறுத்திருந்து, உள்ளே எதுவும் இல்லை என்று உறுதிசெய்த பின்னரே வளையின் வாயை அடைத்துவிடுங்கள். எலும்புத்தூள், இரத்தத்தூள் கலந்த உரங்களையும் தவிர்த்துவிடுங்கள்; இறந்த விலங்கு புதைந்திருப்பதாக எண்ணி நரி பாத்தியைத் தோண்டும்.

கேள்வி (கென்ட் கிராமப்புறம்): ஒரே இரவில் எட்டுக் கோழிகளைக் கொன்று ஒன்றை மட்டும் கொண்டுபோனது. வெறிக்குணம் இல்லாமல் வேறென்ன? நாய்களை விட்டு வேட்டையாடலாமா?

பதில்: வெளியில் ஒரு பறவையைப் பிடித்தால் மற்றவை பறந்துவிடும், பூட்டிய கூட்டில் அவை சிறகடித்துக்கொண்டே இருப்பதால் நரியின் கொல்லும் உணர்வு ஓய்வதில்லை. இடையூறு இல்லாவிடில் திரும்பத் திரும்ப வந்து, எல்லாவற்றையும் எடுத்துச்சென்று பின்னாளுக்காகப் புதைத்துவைக்கும். நாய்களைக் கொண்டு வேட்டையாடுவதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலையை நரி கடித்தறுக்கும். பற்றவைத்த தடித்த கம்பிவலையைக் கூரையோடு அமைத்து, அதன் அடிப்பகுதியை 30 சென்ரிமீற்றர் அளவுக்கு மண்ணுக்குள் வெளிப்புறமாக மடித்துப் புதையுங்கள். அந்தி மயங்குமுன் கூட்டைப் பூட்டுவது உங்கள் பொறுப்பு.