துறுதுறு குழந்தையோடு புதுச்சேரி போனால் எவ்வளவு பெரிய அறை எடுக்கலாம்?

ஓட்டலில் சொல்லும் ‘200 சதுர அடி’ பெரும்பாலும் குளியலறையும் சேர்த்த கணக்கு. குழந்தைக்கு வேண்டியதோ காலித் தரை. குளியலறைக்கு 40, ஆறுக்கு ஆறரை கட்டிலுக்கு 39, அலமாரி, மேசை, சோபாவுக்கு ஒரு 35 கழித்தால் மிச்சம் 86. எக்ஸ்ட்ரா பெட் போட்டால் இன்னொரு 18 போச்சு. கல்யாண மண்டபத்தில் நாற்காலிகளை ஓரங்கட்டியதும் பிள்ளைகள் ஓட ஆரம்பிப்பார்களே, அதே கதைதான். அதனால் சோபாவை எடுத்துவிட்டு, கட்டிலை இடுக்கு விழாமல் சுவரோடு ஒட்டிப் போட முடியுமா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். ஒயிட் டவுன் (பிரெஞ்சுக்காரர் காலத்துக் கடற்கரைப் பகுதி) பழைய வீடுகளில் மாடி அறை என்றால் படிக்கட்டு, பால்கனிக் கம்பி இடைவெளி (10 செ.மீ. தாண்டக் கூடாது) இரண்டுக்கும் படம் வாங்கிப் பாருங்கள்.

பெரிய அறை எடுத்தால் பிள்ளை அடங்கிவிடும் என்பது தப்புக்கணக்கு. ஓட்டத்துக்கு, மாலையில் வண்டி விடாத கடற்கரைச் சாலைதான் சரி.