பீர் வாடையும் மறுநாள் சிடுசிடுப்பும்

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். கலகலவென்று பேசிக்கொண்டிருப்பவன் அரை மணி நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறான். போன சனிக்கிழமை நண்பன் பிறந்தநாளுக்குப் போய்விட்டு வந்து நேராகப் பின்கட்டில் முகம் கழுவினான், வாயில் பபிள்கம், அப்படியும் பீர் வாடை போகவில்லை. மனக்கஷ்டத்தில் குடிக்கிறானோ? அவன் அப்பாவுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா. ஆனால் கஷ்டத்தில்தான் பிள்ளைகள் குடிப்பார்கள் என்று நினைத்தால் பாதி விஷயம் நம் கண்ணில் படாமலே போய்விடும். இந்த வயதில் பெரும்பாலும் சந்தோஷத்தில்தான் ஆரம்பிக்கிறது, பிறந்தநாள், பரீட்சை முடிந்த நாள், கூட நாலு பேர், வேண்டாம் என்று சொல்லக் கூச்சம்.

ஞாயிற்றுக்கிழமை அவன் எப்படி இருந்தான்? எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தானா? மது முதலில் மூளையை அமைதிப்படுத்தும், போதை இறங்கும்போது அதற்கு நேரெதிராகப் படபடப்பும் எரிச்சலும் வரும், பின்னிரவுத் தூக்கமும் கெடும். அதனால் மனசு சரியில்லாமல் குடித்தான் என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பங்கு, குடித்ததால் மனசு கெட்டதாகவும் இருக்கலாம். அந்த எரிச்சலைத் தணிக்க மறுபடி குடிக்கிறான், அதுவும் தனியாக என்றால், அங்கேதான் எனக்குக் கவலை.

அப்புறம், வேலை அலுப்போடு வரும் அப்பா குடித்ததும் சாந்தமாவதை அவன் வருஷக்கணக்காகப் பார்த்திருப்பான். முதலில் கணவரோடு பேசுங்கள். டாஸ்மாக்கில் 21 வயது ஆகாதவர்களுக்கு விற்கக்கூடாது, அப்படியும் இவர்களுக்குக் கிடைத்தது என்றால் யாரோ வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும், இல்லை வயது கேட்காமல் விற்றிருக்க வேண்டும். அது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வாடையோடு வாசலில் நிற்கும்போது எதுவும் கேட்காதீர்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ, வண்டியில் கூட்டிப்போகும்போது பேசுங்கள், முகத்துக்கு நேராக இல்லாவிட்டால் இந்த வயதுப் பையன்களுக்கு வாய் திறக்கும். "ஏன்டா குடிச்சே?" வேண்டாம், "அன்னைக்குச் சாயந்திரம் எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அவன் சொல்லும்வரை சும்மா இருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் வாட்டமாகவே இருந்தால், சாப்பாடு தூக்கம் குறைந்தால், மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள். அவன் பேசுவதற்கு முன்பே நீங்கள் கூப்பிட்டுப் பேசலாம்.