குதிகால் சுடுகிறதா? முதலில் பிரேக் பெடலைப் பாருங்கள்

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸிலிருந்து துவாஸ் கப்பல் பட்டறைக்குத் தினமும் பைக்கில் போய்வரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 200 சிசி வண்டி, போன மாதம்தான் செகண்ட் ஹேண்டாக வாங்கினாராம். ஓட்டும்போது வலது குதிகால் சைலன்சர் குழாயில் உரசுகிறது, சேஃப்டி பூட்ஸின் அடி ரப்பர் உருகிக் குழாயில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வொர்க்‌ஷாப்பில் குழாயைச் சுற்றி, சூடு வெளியே வராமல் தடுக்கும் வெப்பத்துணி கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா? வார இறுதியில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஜோகூர் போவதால் மனைவியின் கால் சுட்டுவிடுமோ என்றும் கவலை.

இப்போதைக்குத் துணி வேண்டாம். காசு செலவழிப்பதற்கு முன்னால் எது எங்கே படுகிறது என்று பார்த்துவிடுங்கள். காலையில் வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது, புளோக்குக்குக் கீழே கார் பார்க்கிலேயே செய்யலாம். குழாயில் சாக்பீஸை அழுத்தித் தேயுங்கள், வேலைக்குப் போடும் அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஏறி உட்காருங்கள், யாரையாவது வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு நாலைந்து தடவை பிரேக்கை மிதித்து மிதித்து விடுங்கள். இறங்கிப் பார்த்தால் வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறதோ அதுதான் இடம். பெரும்பாலும் குதிகாலின் உள்பக்க விளிம்பில் ஒட்டியிருக்கும், அப்படி இருந்தால் நான் சந்தேகப்படுவது குழாயை அல்ல, உங்கள் பிரேக் பெடலை.

எப்படி என்றால், சேஃப்டி பூட்ஸுக்கு அடியும் தடிமன், இரும்பு மூடி வைத்த முன்பக்கமும் தடிமன். சாதாரண ஷூவுக்கு ஏற்ற உயரத்தில் இருக்கும் பெடல் இந்த பூட்ஸுக்கு ரொம்ப உயரம். அதன்மேல் பாதத்தை வைத்தால் ஓடும்போதே பிரேக் பிடித்துவிடுமோ என்று கால் தானாகவே பயந்து, விரல் பக்கத்தை வெளியே திருப்பி, பெடலுக்கு ஓரமாக உட்கார்ந்துகொள்கிறது. விரல்கள் வெளியே திரும்பினால் குதிகால் உள்ளே போகத்தானே செய்யும்? உள்ளே இருப்பது குழாய். பிகேஇ, கேஜேஇ விரைவுச்சாலைகள் என்று அவ்வளவு தூரம் அப்படியே உட்கார்ந்து போனால் ரப்பர் உருகாமல் என்ன செய்யும்.

அதனால் முதல் வேலை பெடலைச் சில மில்லிமீட்டர் இறக்குவது. டிஸ்க் பிரேக் என்றால் பெடலிலிருந்து, பிரேக் எண்ணெயை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும் கம்பியில் ஒரு லாக் நட் இருக்கும், அதைத் தளர்த்திவிட்டுக் கம்பியைத் திருகினால் பெடல் ஏறும் அல்லது இறங்கும். டிரம் பிரேக்கில் பெடல் போய் முட்டி நிற்கும் இடத்தில் ஒரு போல்ட் இருக்கும், அதைத் திருக வேண்டும். இறக்கிய பிறகு இரண்டு விஷயம். பெடலை லேசாக அழுத்தும்போது கொஞ்சம் வெறும் ஆட்டம் இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் பிரேக் எப்போதும் உரசிக்கொண்டே இருந்து அதுவும் சூடாகிவிடும். அப்புறம் பின்பக்க பிரேக் விளக்கு: பெடல் இடம் மாறினால் அதன் ஸ்விட்சையும் திருத்த வேண்டியிருக்கும், பிரேக் பிடிப்பதற்குச் சற்று முன்னாலேயே விளக்கு எரிய வேண்டும். பிரேக் விஷயத்தில் கை வைத்துப் பழக்கமில்லையென்றால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள், சின்ன வேலைதான்.

இதற்குப் பிறகும் குதிகால் பட்டால் வெப்பக் கவசம் போடலாம். மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடு, ஸ்டெயின்லெஸ் கிளிப், ஆனால் தகடு நேராகக் குழாயில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நடுவில் வாஷர் கொடுத்துக் கொஞ்சம் காற்று இடைவெளி விட வேண்டும். இடைவெளி இல்லாத கவசம் சூடான இன்னொரு தகடு, அவ்வளவுதான். பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டாதீர்கள், உருகி எங்காவது எக்ஸ்பிரஸ்வேயில் விழும்.

வெப்பத்துணி ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், இங்கே பெய்யும் மழையில் அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்கிறது. துணிக்குள்ளே இரும்புக் குழாய் துருப்பிடிப்பது வெளியே தெரியாது. எஞ்சின் எண்ணெய் கசிந்து துணியில் ஊறினால் தீப்பிடிக்கவும் வழி உண்டு. இன்னொன்றும் பாருங்கள், செகண்ட் ஹேண்ட் என்கிறீர்கள், முந்தைய சொந்தக்காரர் சைலன்சரை மாற்றி, அதனால்தான் குழாய் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறதோ என்னவோ. கம்பெனி சைலன்சரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சைலன்சரை மாற்றுவது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்ட விஷயம், அதற்கான தாள்கள் இல்லையென்றால் பரிசோதனைக்குப் போகும்போது நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். சைலன்சர் வலப்பக்கம் இருப்பதால் ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கமாகவே இருக்கட்டும். கெண்டைக்காலில் தழும்போடு இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஓட்டும்போது பட்டது என்று சொல்பவர்கள் குறைவு, இறங்கும்போது பட்டது என்பவர்கள்தான் அதிகம். சிலிப்பரும் தொளதொள பேண்ட்டும் வேண்டாம். மழைக்குப் போடும் கால்சட்டையும் அப்படித்தான்: ஒருமுறை மேம்பாலத்துக்குக் கீழே மழைக்கு ஒதுங்கிய அவசரத்தில் நான் மாட்டிய கால்சட்டையின் கீழ்முனை குழாயில் பட்டு, வீடு வந்து பார்த்தால் அப்பளம் பொரித்த மாதிரி சுருங்கிக் கிடந்தது.

அப்படியும் சுட்டுவிட்டால் (70 டிகிரி உலோகமே நொடியில் தோலைப் பொசுக்கிவிடும், குழாய் அதைவிட எவ்வளவோ சூடு) ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள், பெரிதாக இருந்தால் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய்விடுங்கள்.

குழாயில் ஒட்டிய ரப்பரை எப்படி எடுப்பது என்று கேட்க மறந்துவிட்டீர்கள். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்து, ரப்பர் இளகியதும் கையுறை போட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் குச்சியால் சுரண்டுங்கள், கத்தியால் சுரண்டினால் குழாயில் கீறல் விழும்.